எழுதியவளா, எடுத்துக் காட்டியவளா?

அநியாயம் நடந்தது எனக்கு, அக்கா. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்த விஷயத்தைக் கேட்கிறவர்கள் எல்லாரும் பாதியிலேயே வேறு யாருக்கோ பரிதாபப்பட ஆரம்பித்துவிடுகிறார்கள். யாரும் பார்க்கப் போவதில்லை என்று நான் எழுதி வைத்திருந்ததை, என் கூடவே சாப்பிட்டு, என் கூடவே சிரித்த ரெஜினா, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்து ஊருக்கே காட்டிவிட்டாள். அதற்கு நான் கல்லூரி விசாரணைக் கமிட்டி முன்னால் நின்றேன். அவள் பாட்டுக்கு வகுப்புக்குப் போய் வந்துகொண்டிருக்கிறாள்.

ஜன்னலைக் கொஞ்சம் இறக்கட்டுமா? புழுதி வருகிறது. இந்த பஸ்ஸில் நீங்களும் திருநெல்வேலி வரைக்கும்தானே? நல்லதாகப் போயிற்று. முழுசாகச் சொல்லிவிடலாம், தீர்ப்பை நீங்களே சொல்லுங்க.

என் பெயர் சுகிர்தா. எம்.சி.ஏ. கடைசி வருடம். எங்கள் கல்லூரியில் பேச்சுப் போட்டி என்றால் இரண்டாவது பரிசு யாருக்கு என்பதுதான் பேச்சாக இருக்கும். முதல் பரிசைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. பீற்றிக்கொள்வதற்காகச் சொல்லவில்லை. நான் சும்மா கத்துகிற ஆள் இல்லை, காரணத்தோடு பேசுகிற ஆள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும், அதற்காக.

எங்கள் பெண்கள் விடுதிக்கு இத்தனை காலம் காகிதத்தில்தான் விண்ணப்பம் வாங்கினார்கள். இந்த வருடம் இணையத்தில் வாங்கலாம் என்று முடிவாகி, அந்த வேலையை எங்கள் துறைக்குக் கொடுத்தார்கள். பொன்ராஜ் சார் என்னையும் ரெஜினாவையும் அதில் போட்டார். எங்கள் கடைசி வருட ப்ராஜெக்ட்டே அதுதான். ரெஜினா பக்கத்தைப் பார்க்க லட்சணமாகச் செய்வாள், கலர், பட்டன், அந்த மாதிரி. பின்னால் ஓடுகிற மூளை முழுக்க நான்.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். நீங்கள் ஒரு பாரத்தை நிரப்பி அனுப்புகிறீர்கள். உள்ளே ஒருத்தன் உட்கார்ந்து கட்டம் கட்டமாகச் சரிபார்க்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்க. போன் நம்பரில் எண் குறைகிறதா, போட்டோ பெரிசாக இருக்கிறதா, எந்தக் கட்டமாவது காலியா என்று பார்ப்பான். தப்பு கண்ணில் பட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டுச் சீட்டு எழுதி ஒரு பையில் போடுவான். அவனுக்கும் வெளியே காத்திருக்கிற உங்களுக்கும் நடுவில் இன்னொருத்தன் இருக்கிறான். அவனுக்குக் கண்ட்ரோலர் என்று பெயர். அவன் அந்தப் பையை வாங்கிச் சீட்டுகளை எடுத்து உங்கள் முன்னால் வைக்கலாம். வைக்காமலும் இருக்கலாம். எடுக்கச் சொல்லி ஒரு வரி எழுதினால் எடுப்பான். எழுதாவிட்டால் பை கட்டினபடியே கிடந்து காற்றோடு போய்விடும்.

என் கண்ட்ரோலர் எடுக்க மாட்டான். பைக்குள் ஏதாவது இருக்கிறதா என்று வெளியிலிருந்து தொட்டு மட்டும் பார்ப்பான். இருந்தால், 'விண்ணப்பத்தில் தவறு உள்ளது. சரிபார்த்து மீண்டும் அனுப்பவும்.' அவ்வளவுதான். முடிந்தது.

என்ன தவறு என்று சொல்லாவிட்டால் எப்படித் திருத்துவார்கள் என்று கேட்கப் போகிறீர்கள். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. ரெஜினாவும் அதைத்தான் கேட்டாள். நான் சொன்னேன், பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, கல்லூரியில் இடமும் வாங்கிவிட்டு வருகிறவளுக்குத் தன் போன் நம்பரைத் தானே ஒரு தரம் வாசித்துப் பார்க்கத் தெரியாதா? எல்லாவற்றையும் நாமே ஊட்டிவிட்டால் அந்தப் பிள்ளைகளுக்குப் பொறுப்பு எப்போது வரும்? ரெஜினா தலையை ஆட்டிவிட்டுத் தன் கலர், பட்டன் வேலைக்குப் போய்விட்டாள். என்னிடம் வாதத்தில் அவள் ஜெயித்ததே கிடையாது.

சரி, காட்டப் போவதில்லை என்றால் சீட்டில் எழுதுவானேன்? நியாயமான கேள்வி. சோதித்துப் பார்க்கும்போது எந்த இடத்தில் மாட்டுகிறது என்று எனக்குத் தெரிய வேண்டுமே. அதற்காக எழுதினேன். எனக்காக எழுதினேன். இதை நன்றாக மனசில் வைத்துக்கொள்ளுங்க. அது ரொம்ப அலுப்பான வேலை அக்கா. அதனால் கொஞ்சம் சிரிக்கிற மாதிரி எழுதினேன். போன் நம்பரில் எண் குறைந்தால், 'பத்து வரைக்கும் எண்ணத் தெரியாதா?' போட்டோ பெரிசாக இருந்தால், 'இந்த மூஞ்சிக்கு இவ்வளவு பெரிய படமா?' முகவரி காலியாக இருந்தால், 'வீடு இருக்கா, இல்ல பஸ் ஸ்டாண்டுலதான் படுக்கையா?'

கேன்டீனில் உட்கார்ந்து இதையெல்லாம் வாசித்துக் காட்டியபோது ரெஜினாவுக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது. "அடிப்பாவி, அப்பா பேரு கட்டத்துக்கு என்னடி வச்சிருக்க?" என்று கேட்டாள். அவள்தான் கேட்டாள். நான் அதுவரை அதற்கு ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அந்த இடத்திலேயே தட்டினேன்: 'அப்பன் பேரு இல்லாம நீ மட்டும் எப்படிப் பொறந்தே?'

அதற்கும் சிரித்தாள். மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். இப்போது கமிட்டியில் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

அப்பா பெயரைக் கட்டாயம் ஆக்கியது நானில்லை. பழைய காகித பாரத்திலேயே அப்படித்தான் இருந்தது. ஆபீசில் கொடுத்ததை அப்படியே வைத்தேன். எனக்கு அதில் உடன்பாடே கிடையாது. போன வருடம் மாவட்டப் போட்டியில், தாயின் பெயர் ஏன் நம் முதலெழுத்தாக இருக்கக் கூடாது என்று நான்தான் பேசினேன். முன்வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கேடயம் எங்கள் துறை அலமாரியில் இருக்கிறது, வந்தால் பார்க்கலாம். ஆனால் மேடை வேறு, வேலை வேறு இல்லையா? "காப்பாளர் பெயர்னு ஒரு கட்டமும் சேர்த்துருவோமாடி?" என்று ரெஜினா ஒருநாள் கேட்டாள். ஒரு கட்டம் சேர்த்தால் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சோதிக்க வேண்டும். "அப்பா பேரே இல்லாம எவடி வரப்போறா?" என்றேன். அவளும் சரி என்றுதான் சொன்னாள்.

பக்கத்தைத் திறந்துவிட்டோம். இரண்டே நாளில் ஆபீசில் போன் மணி ஓயவில்லை. தவறு உள்ளது என்கிறதே, என்ன தவறு, என்ன தவறு என்று கேட்டு உயிரை வாங்கியிருக்கிறார்கள். பொன்ராஜ் சார் என்னைக் கூப்பிட்டார்.

"சுகிர்தா, எதுல தப்புன்னு காட்டிரும்மா. ஆபீஸ்காரங்க என்னப் பிடிச்சுத் திங்காங்க."

"சார், அவங்களுக்கும் ஒரு பொறுப்பு வரணும்ல சார்."

"பொறுப்பெல்லாம் சேந்த பொறவு வரட்டும். மொதல்ல அதுக வந்து சேரட்டும்."

"சென்னைக்கு இன்டர்வியூ போறேன் சார். வந்ததும் பண்ணித் தாரேன்."

போனேன். இன்டர்வியூ பிரமாதமாக நடந்து, வேலையும் கிடைத்துவிட்டது. அம்மா தெரு முழுக்க லட்டு கொடுத்தார்கள். அந்த நேரத்தில்தான் சாருக்குப் பொறுக்காமல் ரெஜினாவைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். இவள் உட்கார்ந்து அந்த ஒரு வரியைச் சேர்த்துவிட்டாள். பையில் இருப்பதையெல்லாம் எடுத்துப் பக்கத்தில் போடு என்று ஒரே ஒரு வரி. போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள்.

பிறகு நான் போனில் கேட்டேன். "ஏன்டி, என்னக் கேக்காம எதுக்கு எடுத்த?"

"சார் சொன்னாரு. உனக்கு அடிச்சேன், நீ எடுக்கல."

"சீட்டுல என்ன இருக்குன்னு தொறந்து பாத்தியா?"

"நீ அதையெல்லாம் ஒழுங்கா மாத்தியிருப்பேன்னு நெனச்சேன்டி. சத்தியமா. அப்படியே விட்டுருப்பேன்னு யாராவது நெனப்பாங்களா?"

ஏன் மாற்ற வேண்டும்? சொல்லுங்க. அது நான் பூட்டி வைத்த பெட்டி. உங்கள் மாமியாரைப் பற்றி மனசுக்குள் நீங்கள் என்னென்ன நினைப்பீர்கள்? அதை ஒருத்தி எடுத்து மைக்கில் சொன்னால் குற்றவாளி நீங்களா, அவளா? பாருங்க, சிரிக்கிறீங்க. உங்களுக்குப் புரிகிறது. கமிட்டியில் இருக்கிற அத்தனை பேரும் படித்தவர்கள், அவர்களுக்குப் புரியவில்லை.

இனிமேல்தான் அந்தப் பெண் வருகிறாள். அவள் பெயர் முப்புடாதி. சங்கரன்கோவில் தாண்டி உள்ளே ஒரு ஊர். கணிதத்தில் இடம் கிடைத்திருக்கிறது. தினமும் வந்து போகிற தூரமில்லை, விடுதி கிடைத்தால்தான் படிப்பு. அம்மா பேச்சியம்மாள், பீடி சுற்றுகிறவர். அப்பா என்று யாரும் கிடையாது. செத்துப் போனதாகவும் இல்லை, ஓடிப் போனதாகவும் இல்லை. யாரென்று ஊரில் யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான். இதெல்லாம் எனக்கு எப்படி முன்னாலேயே தெரியும்?

அவர்கள் ஊரில் மாடக்கண்ணு என்று ஒருத்தர் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறார். இன்றைக்குக் காலையில் அந்தப் பெண்ணின் வீட்டுக்கு வழி கேட்க அங்கேதான் போய் நின்றேன். அந்தக் கடையை நீங்கள் பார்க்க வேண்டும் அக்கா. திரை அவர் பக்கம் திரும்பியிருக்கிறது. ஜனங்கள் பலகைக்கு வெளியே நிற்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் என்ன போட என்று அவர் உரக்கக் கேட்பார், அவர்கள் சொல்லச் சொல்லத் தட்டுவார். ரேஷன் கார்டு, பட்டா, முதியோர் பென்ஷன் எல்லாம் அப்படித்தான். யாருக்கு எந்த ஆபரேஷன், யார் நிலம் யார் பேரில் என்று அந்தக் கடை வாசலில் நின்றாலே தெரிந்துவிடும். யாரும் அதைத் தப்பாக நினைப்பதும் இல்லை.

நான் இன்னார் என்று சொல்லாமல், அன்றைக்கு என்ன நடந்தது என்று அவரிடம் கேட்டேன். அவருக்கும் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்திருக்கிறது.

"அப்பா பேருக்கு என்ன போடன்னு கேட்டேன். அது வேண்டாம்யா, விட்டுருங்கன்னு அந்தப் பிள்ள சொல்லுச்சு. சரின்னு விட்டுட்டு அனுப்புனேன். அனுப்புனா, செவப்புல ஒண்ணு வந்து நிக்கி. காலேஜ்ல இருந்து கேள்வி வந்திருக்குன்னு நெனச்சேன். பதில் போட்டாத்தானே தாயி அடுத்த பக்கம் போகும்? அதான் கேட்டேன். 'ஏ பேச்சி, காலேஜ்ல கேக்காங்க, அப்பன் பேரு இல்லாம பிள்ள எப்படிப் பொறந்துச்சாம். என்ன போட?'"

"அதப் போய்க் கேள்வின்னா நெனச்சீங்க?"

"கடைசியில கேள்விக்குறி இருந்துச்சே."

நான் என்ன சொல்ல முடியும் இந்த மனுஷனிடம்?

"அந்தப் பொம்பள காதுல விழலையோன்னு இன்னொரு தரம் கேட்டேன். பென்ஷனுக்கு ஒரு கூட்டம் நின்னுச்சு அன்னைக்கு. அதுல ஒரு ஆளு, 'நாங்களும் அதத்தான் ரொம்ப காலமாக் கேக்கோம், காலேஜுக்காவது சொல்லு பேச்சி'ன்னுட்டான். எல்லாரும் சிரிச்சாங்க. நான் சிரிக்கல தாயி. நான் எதுக்குச் சிரிக்க? பக்கம் தானா மூடிக்கிடுமேன்னு நான் ஸ்க்ரீனத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். மூணாவது தரம் கேக்கதுக்குள்ள காகிதத்த எல்லாம் அள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க, ரெண்டு பேரும்."

பாருங்க அக்கா. இதில் என் பங்கு எங்கே வருகிறது? சிரித்தவன் ஒருத்தன், உரக்கக் கேட்டவன் ஒருத்தன், எடுத்துக் காட்டியவள் ஒருத்தி. அங்கே நின்ற இன்னொருத்தன் பலகை மேல் எட்டிச் சாய்ந்து திரையைப் போனில் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறான். மேலே எங்கள் கல்லூரிப் பெயர், கீழே சிவப்பில் என் வரி. எங்கள் சித்தப்பாவுக்கே வந்தது. 'உன் காலேஜ்தானே' என்று எனக்கே அனுப்பினார். இத்தனை பேரையும் விட்டுவிட்டு என்னை மட்டும் நிறுத்தி வைத்துக் கேட்டால் என்ன நியாயம்?

கமிட்டியில் பிரின்சிபால் மேடம் அந்தப் படத்தை மேஜையில் தள்ளினார்கள். "இது நீ எழுதுனதா?"

"எழுதினது நான்தான் மேடம். ஆனா வெளியிட்டது நானில்லை. இரண்டும் வேற வேற."

"நான் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

பேசவே விடவில்லை. ஜனநாயக நாட்டில் இதுதான் நிலைமை. கடைசியில் முடிவு என்ன தெரியுமா? அந்தப் பெண்ணிடம் நானே நேரில் போய், தனக்குப் புகார் எதுவும் இல்லை என்று அவளிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டும். வாங்கி வந்தால் ப்ராஜெக்ட்டை ஏற்றுக்கொள்வார்கள். இல்லாவிட்டால் இந்த வருடம் பரீட்சை கிடையாது. பரீட்சை இல்லாவிட்டால் சென்னை வேலை கிடையாது. ரெஜினாவுக்கு வெறும் எச்சரிக்கை. விடுதியில் அந்தப் பெண்ணுக்கு ஓர் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம், அதையும் சொல்லிவிட்டு வா என்றார்கள். எவ்வளவு பெருந்தன்மை பாருங்க.

ரெஜினா நானும் வருகிறேன் என்று அழுதாள். வேண்டாம் என்றேன். அவள் வந்தால் அந்த அம்மா காலில் விழுந்து காரியத்தைக் கெடுத்துவிடுவாள். விழுந்தால் தப்பை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் இல்லையா?

வீட்டைக் கண்டுபிடித்துப் போனேன். பேச்சியம்மாள் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தார். கல்லூரியிலிருந்து வருகிறேன் என்றதும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார், பிறகு இலையைப் பார்த்தார். வந்தவளை உட்காரச் சொல்ல வேண்டும் என்றுகூடத் தெரியவில்லை. அந்தப் பெண் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நின்றாள். ஒல்லியான பெண். என்னைவிட நான்கு வயது சின்னவள் இருப்பாள்.

நான் பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினேன். உங்களுக்குச் சொன்ன மாதிரியே பை, சீட்டு, நடுவில் இருக்கிறவன் எல்லாவற்றையும் சொன்னேன். "இது உன்னப் பத்தி எழுதினது இல்லம்மா. யாரப் பத்தியும் எழுதினது இல்ல. அந்தக் கட்டத்தக் காலியா விட்டா யாருக்கு வேணும்னாலும் அதுதான் வந்திருக்கும். உன் பேருகூட அப்ப எனக்குத் தெரியாது," என்றேன்.

"தெரியும்க்கா," என்றாள்.

"அது பேசத் தெரியாத மெஷின். அதுக்குப் போய் யாராவது வருத்தப்படுவாங்களா?"

சரி, நடைமுறைக்கு வருவோம் என்று இன்னொன்றும் சொன்னேன். "உங்கம்மா அப்பவே ஏதாவது ஒரு பேரச் சொல்லியிருந்தா அதோட முடிஞ்சிருக்கும். யாரு சரிபார்க்கப் போறா? ஒரு பேருதானே, சும்மா ஒண்ணு சொல்லியிருக்கலாம்ல?"

அந்த அம்மா முறத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். பாதி சுற்றின பீடி ஒன்று வாசலிலேயே கிடந்தது. ஒரு யோசனை சொன்னால் அதற்கு இவ்வளவு கோபமா? இந்த மாதிரி ஆட்களிடம் தர்க்கம் எடுபடாது.

ஏன் அக்கா தள்ளி உட்கார்கிறீர்கள்? எனக்கு இடம் தாராளமாக இருக்கிறதே. நீங்கள் இறங்குகிற இடம் இன்னும் வரவில்லை.

கையெழுத்து கிடைத்துவிட்டது. அதைச் சொல்லிவிடுகிறேன். இதோ இந்தப் பைக்குள்தான் இருக்கிறது. பரீட்சை எழுதலாம், வேலையும் போகாது. என் கோபம் அதில்லை. இவ்வளவு தூரம் பஸ் மாறி மாறிப் போய், தொண்டை வறளப் பேசியிருக்கிறேன். 'பரவாயில்லக்கா' என்று ஒரு சொல், 'உங்க மேல தப்பில்ல' என்று ஒரு சொல், அவள் வாயில் வரவே இல்லை. அது என்ன பெரிய விஷயமா? அதுவும் ஒரு நாகரிகம்தானே? அதனால் நேராகவே கேட்டுவிட்டேன். "என் மேல உனக்குக் கோபம் இருந்தா சொல்லு, பேசித் தீர்த்துக்கலாம். ஒரு வரி. அதனால உனக்கு அப்படி என்னதான் ஆயிப்போச்சு?"

அவள் வீட்டுக்குள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். கதவை மெதுவாகச் சாத்தினாள். என் பக்கத்தில் வந்து, உள்ளே கேட்காத குரலில் சொன்னாள்:

"எனக்கு ஒண்ணும் ஆகலக்கா. அந்தக் கேள்விய நான் எங்கம்மாகிட்ட ஒரு நாளும் கேட்டதில்ல. கேக்கக் கூடாதுன்னு சின்னப் பிள்ளையிலேயே எனக்குத் தெரியும். அன்னைக்கு அத்தன பேரும் கேட்டாங்கல்ல, வீட்டுக்கு வந்ததும் நானும் கேட்டுட்டேன். சொல்லிட்டா. சொன்னதுல இருந்து அவ என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்கா, சோறு எடுத்து வச்சாலும் திங்க மாட்டேங்கா. அவளத் தனியா விட்டுட்டு நான் எந்த ஹாஸ்டலுக்கு வர? பேனாவக் குடுங்க, எங்க போடணும் கையெழுத்து?"